அம்மா சொல்லாத சொல்

பிப்ரவரி 6, வியாழன் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். கண்ணாடிக் கடை வேலை எப்படிப் போகிறது, விடுதியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததா என்றெல்லாம் முறையாகக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். குளியலறையைத் தாழ்போட்டுவிட்டு, அழுக்குத் துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. போனில் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மாவின் தலையணைக்கு அடியில்.

மேல்வீட்டு டிக்கெட் மாமா இறந்துவிட்டார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் படியில் யாரைப் பார்த்தாலும் "டிக்கெட் எங்க?" என்று கை நீட்டுவாரே, அவர்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். லிஃப்ட் ஓடவில்லை, அதனால் படியேறியிருக்கிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் தலைகுப்புறக் கிடந்தார். முதலில் பார்த்தது அம்மா. ஓட்டல் சலவையில் ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்தாள். அதற்குச் சற்று முன்னால் யாரோ ஒரு ஆள் அவளை இடித்துக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கிப் போயிருக்கிறார். அந்தத் திருப்பத்தில் விளக்கு எரிவதில்லை என்று உனக்கே தெரியும்.

இன்று ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். மாமாவை யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்க, வழக்கம்போல நான்தான் நடுவில். நீ போன பிறகு பள்ளிக்கூடம், டாக்டர், கரண்ட் ஆபீஸ், எல்லா இடத்திலும் அம்மாவின் வாய் நான்தானே.

"இறங்கிப் போனது சாவிக்காரரான்னு கேக்குறாரும்மா."

"அவர் மாதிரிதான் இருந்துச்சு. இருட்டுல மூஞ்சி எங்க தெரிஞ்சுது? சாம்பல் கலர் கோட்டு, அவ்வளவுதான் பாத்தேன். அவராத்தான் இருக்கும். வேற யாரு அந்நேரம் வரப்போறா?"

அப்படியேதான் சொன்னாள், அக்கா. ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சாவிக்காரர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், எந்நேரமும் படிகளில் இருப்பவர். லிஃப்டைச் சரிசெய்யவில்லை என்று டிக்கெட் மாமா ஒரு வாரமாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஐந்து மாடிக்கும் கேட்டது. அதனால்தான் அதிகாரி அவரைப் பற்றிக் கேட்டார்.

"ஈஸ் ஷி சர்டன்?" என்றார்.

இந்த வாரம்தான் இங்கிலீஷ் மிஸ் போர்டில் ஒரு ஏணி வரைந்தார். அடியில் பாசிபிள், நடந்தாலும் நடக்கலாம். நடுவில் ப்ராபபிள், அநேகமாக. உச்சியில் சர்டன். "இதுக்கு மேல படியே கிடையாது. யோசிச்சு ஏறுங்க, ஏறினா இறங்குறது கஷ்டம்" என்றார். மூன்றையும் வைத்து வாக்கியம் எழுதியதில் எனக்குப் பத்துக்குப் பத்து.

அம்மா சொன்னது நடுப்படி. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு அதிகாரி, சந்தேகம் இருந்தால் நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரட்டும், மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க வேண்டும், நாள் முழுக்க ஆகும் என்றார். அம்மாவிடம் சொன்னேன்.

"ஐயையோ, நாளைக்கு லீவு கேட்டா அந்த மேஸ்திரியம்மா என்னையே மெஷின்ல விட்டுத் தேச்சிடுவா. எதையாவது சொல்லிச் சீக்கிரம் அனுப்பு கண்ணு. நிக்க முடியல."

நான் அவரைப் பார்த்து, "யெஸ். ஷி இஸ் சர்டன்" என்றேன்.

எழுதிக்கொண்டார். அம்மா கையெழுத்துப் போட்டாள். போகும்போது, என் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா.

சாயங்காலம் சாவிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் செய்தது தப்பா? பதிலை என் வகுப்புத் தோழி பல்லியின் வீட்டு முகவரிக்கு அனுப்பு. அம்மா கண்ணில் படக்கூடாது.

உன்
வாலு

*

பிப்ரவரி 12

வாலுக்குட்டிக்கு,

அக்காவின் முத்தங்கள். டிக்கெட் மாமாவை நினைத்து நேற்று முழுக்க மனசு சரியில்லை. எனக்கு ஆறு வயதில், டிக்கெட் இல்லை என்று சொல்லி என்னை இரண்டாம் மாடியிலேயே நிறுத்தி வைத்தார். ஓவென்று அழுதபிறகு ஒரு பழைய டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார்.

நீ பயப்படாதே. போலீஸ் ஒருத்தர் சொன்னதை மட்டும் வைத்தா முடிவெடுக்கும்? இன்னும் நாலு பேரை விசாரிப்பார்கள். அவர் செய்யவில்லை என்றால் வெளியே வரப்போகிறார். நீ பதினான்கு வயதுப் பெண், உன் தலையில் யாரும் எதையும் ஏற்றி வைக்கவில்லை. நீயாக ஏற்றிக்கொள்ளாதே.

இங்கே கடையில் நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வதுதான் என் வேலை. கடைசி வரி யாருக்கும் தெரியாது. ஆனால் பத்தில் ஏழு பேர் சட்டென்று ஏதோ எழுத்தைச் சொல்லிவிடுவார்கள். "தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க சார்" என்பேன். "நல்லாத் தெரியுதும்மா" என்பார்கள். தெரியவில்லை என்று சொல்ல மனிதர்களுக்கு அவ்வளவு கூச்சம். நீ ஒருத்தி மட்டும் பெரிய குற்றவாளி மாதிரி உருகாதே.

ராத்திரியில் மங்கல் வெளிச்சத்தில் எழுதினால் கண் கெடும். அப்புறம் உனக்கும் நானே கண்ணாடி மாட்ட வேண்டியிருக்கும். இதை அம்மாவிடம் கிளறாதே. பல்லியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 21, இரவு

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதைப் பதினோரு முறை படித்தேன். முதல் மூன்று முறை தைரியம் வந்தது.

சாவிக்காரர் இன்னும் வரவில்லை. படிக்கு அடியில் இருக்கும் அவருடைய சின்ன அறை பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அக்கா, ராத்திரியில் படியில் சாவி வளையம் குலுங்குகிற சத்தம் கேட்கிறது. கீழிருந்து மெதுவாக ஏறி, நம் வாசலுக்கு ஒரு படி முன்னால் நின்றுவிடுகிறது. இரண்டு நாள் கதவின் துவாரம் வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. மூன்றாம் நாள் பார்க்கவே பயமாக இருந்தது. யாரும் இல்லாவிட்டால் எப்படி, யாராவது இருந்துவிட்டால் எப்படி, இரண்டுக்கும் பயம்.

இதைவிட பயமான ஒன்றைச் சொல்கிறேன். முதல் வாரம் அடுத்த வீட்டு அத்தை கேட்டபோது அம்மா, "அவர் மாதிரி இருந்துச்சுன்னேன், பிடிச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள். போன வாரம் அதே அத்தையிடம், "சாவி சத்தம் கேட்டுச்சுக்கா, அதான் கண்டுபிடிச்சேன்" என்றாள். சாவியைப் பற்றி அன்று அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்று மாவு அரைக்கும் கடையில் நாலு பேர் நடுவில், "திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க, இப்பவும் ஈரக்குலை நடுங்குது" என்கிறாள். சொல்லும்போது அவள் கைமயிர் உண்மையாகவே சிலிர்த்து நிற்கிறது. நான் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை, அக்கா. அவளுக்கு அந்த முகம் தெரிகிறது.

மிஸ்ஸிடம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். "ஒருத்தர் சர்டன்னு சொல்லி, கடைசில அது தப்பாப் போச்சுன்னா, அந்தச் சொல்லே தப்பா மிஸ்?"

மிஸ் சிரித்தார். "அந்தச் சொல்ல எங்க உக்கார வைக்கிறன்னு பாரு. 'இட் இஸ் சர்டன்'னா விஷயமே உறுதின்னு சொல்ற. 'ஷி இஸ் சர்டன்'னா அவ மனசுல சந்தேகம் இல்லைன்னு மட்டும்தான் சொல்ற. மனசுல சந்தேகமே இல்லாம எத்தனை பேரு தப்பா இருக்காங்க! நம்ம ஹெச்செம் ஒருத்தர் போதாதா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நான் சாவிக்காரரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் மனசைப் பற்றிச் சொன்னேன். அன்று அது பொய். இன்று அது உண்மை. அந்த ஆபீசர் நாளைக்கு வந்து அம்மாவையே கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அவள் வாயில் நான் போட்ட சொல் இறங்கி, உள்ளே போய்க் கண்ணாகிவிட்டது. அம்மா முதலில் சொன்னது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். உனக்கும்.

அவர் செய்திருந்தால் என்ன பண்ணுவது என்றும் தோன்றுகிறது. நான் போய் உண்மையைச் சொல்லி, அவர் வெளியே வந்து, தினமும் இதே படியில்... எழுத முடியவில்லை. அம்மா புரண்டு படுக்கிறாள்.

வாலு

*

பிப்ரவரி 27

அக்கா,

உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. இன்று சாவிக்காரரின் மனைவி வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் நம் மாடிக்கு ஏறியதே இல்லை. செருப்பை வாசலில் விட்டாள், உள்ளே வரவில்லை. சண்டை போடுவாள் என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. நீங்க அவர் மூஞ்சியைப் பாத்தீங்களா? பாத்தேன்னு சொல்லுங்க, நான் போயிடுறேன். அவர் அன்னிக்கு மோட்டார் ரூம்ல இருந்தேங்கிறாரு. இருபத்திரண்டு வருஷமா அவர் சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதில்ல. இப்போ ராத்திரியெல்லாம் சந்தேகமா வருது. கட்டின புருஷனை அப்படி நினைக்கிறது எவ்வளவு கொடுமைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "பாத்தேன்மா. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் சுவரைத் தொட்டுக்கொண்டு போனாள்.

கோர்ட்டில் விசாரணை மார்ச் பதினெட்டாம் தேதி. அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா, நான் உனக்கு எழுதிய முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. அம்மா சொன்னதை அன்று ராத்திரியே அப்படியே அதில் எழுதியிருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கே குழப்பமாக இருக்கிறது. அம்மா பத்துத் தடவை சொல்லிச் சொல்லி, அந்த ஆள் திரும்பிப் பார்ப்பது எனக்கும் தெரிகிறது. நான் அந்தப் படியில் இல்லவே இல்லை, அக்கா!

கடிதத்தை அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

*

மார்ச் 6

வாலு,

கடிதம் என்னிடம் இருக்கிறது. என் துணிப்பெட்டிக்குள், சட்டைகளுக்கு அடியில். தபால் உறையில் போட்டு முகவரிகூட எழுதினேன். அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு இந்தத் தாளைக் கிழித்துவிடு.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உனக்கு எட்டு வயது. எனக்கு இப்போதைய உன் வயது. அம்மாவின் வாய் அப்போது நான். நான்காம் நாள் ராத்திரி டாக்டர் வராந்தாவில் நின்று என்னிடம் பேசினார். அப்பா காலைவரை தாக்குப்பிடிப்பது பாசிபிள் என்றார். உன் மிஸ் வரைந்த ஏணியில் அது எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்திலேயே இருந்தது.

அம்மா நாலு நாளாகத் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி சொல்றாரு?"

"ஒண்ணும் ஆகாதாம்மா. நிச்சயமா பொழச்சுக்குவாராம். நீ வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு காலைல வரலாமாம்."

அவள் போனாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது, நானே சொன்னதை நானே நம்பினேன். விடியற்காலை அப்பா கண் விழித்து அம்மா எங்கே என்று கேட்டார். "வந்துட்டிருக்காப்பா" என்றேன். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். அம்மா வந்தபோது முகத்தை மூடிவிட்டார்கள்.

இன்றுவரை அம்மா அந்த டாக்டரைத் திட்டாத நாள் உண்டா? "நிச்சயம்னு சொல்லி என்னை அனுப்பிட்டான் பாவி, கடைசியா ஒரு வாய்த் தண்ணி கொடுக்க விடலையே." நான் ஏன் இவ்வளவு தூரத்தில் வேலை தேடினேன் என்று நீ கேட்டாய், சம்பளம் என்று சொன்னேன். அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ போய், நான் மாற்றிச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், அம்மா அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்துவாளா? இத்தனை வருடம் நம் இரண்டு பேர் வாய் வழியாக வந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பாள். அவளுக்கு அப்பா இல்லை. நாம் சொல்வது மட்டும்தான் இருக்கிறது. அதையும் பிடுங்காதே. சாவிக்காரருக்கு வக்கீல் இருப்பார். அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

என்னை மன்னித்துவிடு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யாதே.

அக்கா

*

மார்ச் 15, சனி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அப்பா இரண்டு தடவை கேட்டார் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு சாவிக்காரரின் மனைவி ஒவ்வொரு படியிலும் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கியதை நினைத்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷனுக்குப் போனேன். பல்லி வாசல்வரை வந்தாள். "உள்ள வரணுமாடி?" என்றாள். வேண்டாம் என்றேன். அதே அதிகாரிதான். நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கடைசியில், "உன்னைக் கேட்டிருக்கவே கூடாது, அது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். நேற்றுக் காலை அம்மாவையும் என்னையும் வரச்சொன்னார்கள்.

மொழிபெயர்ப்பாளர் சளி பிடித்த ஒரு வயதானவர். கைக்குட்டையை மடியிலேயே வைத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் தமிழில் அம்மாவுக்கு வாசித்தார். நான் பக்கத்து நாற்காலியில். என் பேச்சு வேறொருவர் வாயிலிருந்து அம்மாவுக்குப் போவதை முதல்முறையாகக் கேட்டேன். முடிந்ததும் அம்மா என்னிடம் திரும்பினாள்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"ஆமாம்மா. இருட்டுல மூஞ்சி எங்க தெரிஞ்சுதுன்னு சொன்ன. கோட்டு மட்டும்தான்னு சொன்ன."

"சாவி சத்தம்?"

"சொல்லலம்மா."

அம்மா அந்த ஐயாவிடம் திரும்பிச் சொன்னாள். "கண்ணை மூடினா அவர் மூஞ்சி தெரியுதுங்க. ஆனா இவ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

அக்கா, நாங்கள் பேசிக்கொண்டிருந்தது தமிழில்.

அந்த ஐயா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு சொல்றது இருக்கட்டும்மா. உங்களுக்கு எப்படித் தோணுது, அதைச் சொல்லுங்க. அவசரமே இல்ல" என்றார். உண்மையாகவே அவர் அவசரப்படவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் யாரும் அம்மாவுக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள் அம்மா. "தெரியவே இல்லைங்க."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அம்மா சொன்னதைத் தவிர சாவிக்காரருக்கு எதிராக வேறு எதுவும் இல்லையாம். திங்கட்கிழமை விட்டுவிடுவார்கள் என்று அதிகாரி சொன்னார். அவர் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து படியில் கேட்கும் சாவி சத்தம் நிஜமான சாவி சத்தமாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவரைத் தாண்டித்தான் நான் மேலே ஏற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாட்டிய கையை எடுக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பாவைப் பாத்த டாக்டர், அன்னிக்கு நிச்சயம்னா சொன்னாரு?"

நான் அப்போது எட்டு வயதுப் பிள்ளை, எனக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் வாய் வரவில்லை. நான் பேசாமல் நின்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அங்கேயே, மாட்டிய கோட்டுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, போனை எடுத்து உன் பெயர்வரை போனாள். அழைக்காமல் வைத்துவிட்டாள்.

"போன்ல வேணாம். அவ மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும். திட்ட மாட்டேன்னு எழுது. அவர் கடைசியா என்ன கேட்டாரு, என்னைக் கேட்டாரா, அது தெரிஞ்சா போதும்."

இன்று காலை எழுந்ததும் முதல் பேச்சாக, "வருவாளா அவ?" என்றாள்.

வருவாள் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலாம்மா" என்றேன்.

உன்
வாலு